குறை கேட்டு வாங்கிய கம்ப்ரசர்

“உங்ககிட்ட என்ன குறை?”

ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் சொந்தமாக ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தே தீருவது என்று இடம் தேடி அலைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெரிய வீட்டின் முன்பக்க அறை வாடகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அமராவதிபுதூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பேர் என்ன, யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்பார்கள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஆச்சி அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே குறைக்கு வந்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. “குறையா? சட்டுனு கோவம் வரும். காலையில வெள்ளன எந்திரிக்க மாட்டேன். டைப் மிஷினுக எல்லாம் சேந்து அடிச்சா பக்கத்துல பேசுறது காதுல விழாது. போதுமா?” என்றேன்.

ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்க, வாங்க, உள்ள வாங்க. இப்பிடிச் சொல்ற ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

நானும் சும்மா விடவில்லை. “சரி ஆச்சி, இந்த வீட்டுக்கு என்ன குறை?” என்று கேட்டேன்.

“இந்த வீட்டுக்கா?” நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்த வீட்டுக்கு ஏது குறை? தரையில நல்லாக் காலை ஊண்டி நில்லுங்க, தெரியும்.”

நின்றேன். பங்குனி வெயிலில் ரோட்டில் வெந்து வந்த பாதம் சில்லென்று ஆனது. அன்றைக்கே அறையைப் பேசி முடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கம் கல்யாணமான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது நாற்பது கடந்திருக்கும். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அந்தப் பேரில் என்ன குறை என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார். கணவர் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கு வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து, பேப்பர் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். வீட்டில் பாதிப் பங்கு அவர்களுக்கு. மறுபாதி கணவரின் தம்பிக்கு. அந்தக் கொழுந்தனாரும் குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருந்தார்.

உலகத்தில் எல்லாரும் ஒரு பொருளின் பெருமையைக் கேட்டு வாங்குவார்கள். ஆச்சி குறையைக் கேட்டுத்தான் வாங்குவார். குறை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருள் அவரைப் பொறுத்தவரை செத்துப்போனது. தெருவில் காய்கறிக் கூடை கொண்டுவரும் பெண்கள் இதற்குப் பழகிப்போயிருந்தார்கள். மற்ற வீட்டு வாசலில் “பிஞ்சுக் கத்திரிக்கா” என்று கூவிவிட்டு, எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலை மாற்றிக்கொள்வார்கள். “ஆச்சி, முருங்கைக்கா கொஞ்சம் முத்தல்! கத்திரிக்காயில அங்கிட்டும் இங்கிட்டும் சொத்தை கெடக்கு!” ஆச்சி உள்ளேயிருந்து ஆசையாக ஓடி வருவார். கூடை பாதி காலியாகிவிடும்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இப்படித்தான். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பையனின் அம்மா மகனைப் பற்றி மூச்சுவிடாமல் புகழ்ந்துகொண்டிருந்தாராம். ஆச்சி பலகாரத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். “எல்லாஞ் சரி, பையன்கிட்ட குறை என்ன?” என்று கேட்டதும் கூடம் அப்படியே உறைந்துவிட்டதாம். கடைசியில் அந்தப் பையனே தலையை நீட்டி, “கொறட்டை விடுவேன்” என்று சொல்லியிருக்கிறான். ஆச்சி உடனே தட்டிலிருந்து அதிரசத்தை எடுத்துக் கடித்துவிட்டாராம். சம்மதம் என்று அர்த்தம். மகள் இன்றைக்கும் அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

எல்லா நேரமும் இது சிரிக்கிற விஷயமாக இருந்துவிடவில்லை. என்னிடம் டைப் படித்து வேலைக்குப் போன ஒரு பெண், முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையை ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆச்சி முந்தானையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டாந் தண்ணிக்குச் சாயம் போயிரும்” என்றார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவகிட்ட இப்ப யாரு குறை கேட்டா?” என்று சத்தம் போட்டேன். ஆச்சி உண்மையாகவே திகைத்துப்போய் நின்றார். “தெரிஞ்சுக்கிட்டா உப்புத் தண்ணியில நனைச்சு வைப்பாள்ல டீச்சர்? சாயம் நிக்கும்ல?” என்றார். குறையைச் சொல்வது அவருக்கு உதவி. கேட்கிறவர்களுக்கு அது வலிக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு பீரோ வந்தது. மகளின் சீர் சாமான்களுக்காக ஊரிலேயே ஒரு பட்டறையில் செய்யச் சொன்ன இரும்பு பீரோ. எல்லாரும் கதவைத் திறந்து மூடிப் பார்த்து மெச்சிக்கொண்டிருக்க, ஆச்சி குனிந்து அடிப்பக்கம் நகத்தால் தடவினார். “இங்கன ஒட்டுப் போட்டிருக்கு” என்றார். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைச் சொன்னார். பீரோவைச் செய்வதுதான் இங்கே. பெயிண்ட் அடிக்க மதுரைக்கு லாரியில் போய், லாரியிலேயே திரும்பி வரும். வருகிற வழியில் உராய்ந்துவிடும். உராய்ந்த இடத்தில் இவர் பிரஷ்ஷால் தடவிவிடுவார். ஊரில் உள்ள பீரோ எல்லாமே அப்படித்தான்.

“ஏன், இங்குட்டே அடிச்சா என்ன?”

“அதுக்குக் கம்ப்ரசர் வேணும் ஆச்சி. காத்தை அடைச்சு வச்சுப் பீச்சி அடிக்கிற மிஷினு. நம்ம ஊர்ல பஞ்சர் ஒட்டுற கடையில சின்னதா இருக்கும். அதை வச்சு பீரோ அடிக்க முடியாது. அம்புட்டுப் பணம் போட்டு அதை வாங்கி வச்சு யாரு அடிப்பா?”

“நான் அடிக்கிறேன்” என்றார் ஆச்சி.

பட்டறைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பீரோவுக்கும் சேர்த்து ஒரு குறை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் கண்கள் மின்னின. மறுவாரமே, “டீச்சர், இன்ஸ்டிடியூட்டுக்கு ஒருநா லீவு விடுங்க, மதுரைக்குப் போயிட்டு வருவம்” என்று கிளப்பிவிட்டார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் தொற்றிக்கொள்கிறது. பஸ்ஸில் போகும்போதே ஆச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருப்பத்தூரில் பஸ் நின்றபோது இறங்கிப்போய், டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனிடம், “தம்பி, இந்த மிஷினு எப்ப கோளாறு பண்ணும்?” என்று விசாரித்துவிட்டு வந்தார். டிரைவர் ஹாரன் அடித்துத்தான் அவரைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

மதுரையில் மிஷின் சாமான் விற்கும் தெருவுக்குள் நாங்கள் நுழைந்ததும் கடைக்காரர்கள் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். முதல் கடைக்காரர், “ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி, “வந்தா அவுகளும் உங்கள மாதிரி நல்லதாத்தான் சொல்லுவாக. அதான் கூட்டியாரலை” என்றார்.

கடைக்காரர் ஒரு கம்ப்ரசரைக் காட்டினார். நீல நிறத்தில் பளபளவென்று இருந்தது. கீழே உருளையான இரும்புத் தொட்டி. மேலே மோட்டார், அதற்குப் பக்கத்தில் காற்றை இழுத்து அமுக்கும் தலை, இரண்டுக்கும் நடுவில் பெல்ட். “ராஜா மாதிரி ஓடும். ஒரு தொந்தரவு கிடையாது” என்றார்.

“குறை?”

“குறையே கிடையாதும்மா.”

ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த கடையிலும் அதே கதைதான். அந்தக் கடைக்காரர் எங்களுக்குக் கலர் சோடா வேறு வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்தோம். எனக்குப் பசியும் கோபமும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. “ஆச்சி, விக்கிறவன் எவனாவது தன் சரக்கைத் தானே குறை சொல்லுவானா?” என்றேன்.

“சொல்லுவான் டீச்சர். எங்குட்டாவது ஒருத்தன் இருப்பான்.”

இருந்தான். தெருவின் கோடியில் ஒரு இடுக்குக் கடை. டிபன் பாக்ஸைத் திறந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன். யாரோடு சண்டையோ, முகத்தைச் சுளித்தபடியே இருந்தான். ஆச்சி கேட்டதும் சோற்றைப் பிசைந்துகொண்டே கடகடவென்று அடுக்கினான்.

“குறையா? ஒண்ணா ரெண்டா? சத்தம் போடும். கையை வச்சா பொத்துப்போற அளவுக்குச் சூடாகும். எண்ணெய் பாக்காம விட்டீங்கன்னா உள்ள இரும்பு இரும்பைக் கடிச்சு நின்னுரும். காத்து சூடா உள்ள போகும், ஆறுன உடனே தண்ணியாக் கக்கும். தொட்டிக்கு அடியில திருகு இருக்கு, அதைத் தினம் திறந்து தண்ணியை வடிக்கணும். வடிக்கலைன்னா பெயிண்ட்டோட சேர்ந்து தெறிச்சு வேலையே கெட்டுப்போகும். எல்லாரும் வாங்குறப்ப கேட்க மாட்டாங்க. வாங்கிட்டு வந்து சண்டைக்கு நிப்பாங்க.”

ஆச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். குறட்டை மருமகனுக்கு அடுத்து ஒரு மகனும் கிடைத்துவிட்ட மாதிரி அவர் முகம் இருந்தது. “நீங்க சாப்பிடுங்க தம்பி, மெதுவாச் சாப்பிடுங்க” என்று எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவன் கை கழுவி வந்ததும் தேர்வு தொடங்கியது. சின்னது ஒன்று இருந்தது. தூக்கிப்போக வசதி. ஆனால் தொட்டி சிறிது என்பதால் ஒரு கதவு அடிப்பதற்குள் காற்று தீர்ந்து, மறுபடி நிரம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெரியதைப் பார்த்ததும் ஆச்சிக்கு ஆசை வந்துவிட்டது. யானைக் கன்றைத் தடவுவது மாதிரி தடவினார். அவன் தலையை ஆட்டினான். “வீட்டுக்கு வர்ற சாதாரணக் கரண்ட்டு இதை இழுக்காது. உங்களுக்கு நடுவுல உள்ளதுதான் சரி. விடாம அடிச்சா இதுவும் மூச்சு வாங்கும். அப்பப்ப நிறுத்தி அடிக்கிறதா இருந்தா ஒண்ணும் பண்ணாது.”

“ஓட்டிக் காட்டுங்க தம்பி.”

ஓட்டினான். அந்த இடுக்குக் கடை அதிர்ந்தது. ஆச்சி தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். காற்றின் அளவைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போய் நின்றது. மோட்டார் தானாக ஓய்ந்தது. அவன் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தான். புஸ் என்று காற்று பீறிட்ட வேகத்தில் நான் துள்ளி ரோட்டுக்கே வந்துவிட்டேன். ஆச்சி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. “டீச்சர்! மூச்சு விடுது பாத்தீகளா!” என்று கத்தினார். அந்த வயதில் ஒருவர் அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை.

மிஷினைப் பேசி முடித்த கையோடு, பெயிண்ட் அடிக்கிற ஒரு கொட்டகை வாசலில் சாயங்காலம்வரை நின்று வேலையைப் பார்த்தோம். “எந்த இடத்துல தப்பு வரும்?” என்று அங்கேயும் கேட்டார். பெயிண்ட் பீச்சும் துப்பாக்கியை ஒரே இடத்தில் நிறுத்தினால் வழியும், தள்ளிப் பிடித்தால் சொரசொரக்கும் என்று அவர்கள் சொன்னதை வழிநெடுகக் கையை வீசி வீசிப் பழகிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

லாரியில் கம்ப்ரசர் வந்து இறங்கிய அன்று கொழுந்தனார் வாசலை மறித்து நின்றார். பேச்சில் ஒரு மரியாதைக்குறைவு இருக்காது. ஆனால் அந்த வீடு என்றால் அவருக்கு உயிர். சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் கூடத்தில் நிறுத்தி, “எந்த வெயிலுக்கும் எங்க வீடு இப்பிடித்தான், குளுகுளுன்னு” என்று சொல்லிக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“ஆச்சி, இது ரெண்டு பேருக்கும் பொது வீடு. இதுல பட்டறை வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்லை. வாங்கிட்டீக, சரி. ஒரே ஒரு பீரோ அடிச்சுக் காட்டுங்க. மதுரை வேலை மாதிரி இருந்தா மிஷினு இருக்கட்டும். இல்லையின்னா வெளிய எடுத்துறணும்.”

“இருக்கட்டும் தம்பி. பாத்துட்டே சொல்லுங்க” என்றார் ஆச்சி. உதட்டில் சிரிப்பு இருந்தாலும் கை சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவருக்கென்று, அவரே தேடிப் பிடித்து வாங்கிய முதல் பொருள் அது.

எங்கே வைப்பது என்பதில் என் பங்குக்கு நானும் வம்பு செய்தேன். பெயிண்ட் அடிக்க முன்வாசல் பக்கத்து வண்டிக் கொட்டகைதான் தோது. பின்கட்டில் அடுப்புகள் எரிகின்றன. பெயிண்ட்டில் கலக்கும் தின்னருக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது, கரியும் ஈரப் பெயிண்ட்டில் படியும். ஆனால் மிஷினையும் கொட்டகையில் வைத்தால் என் வகுப்பு நடக்காது. ஆகவே மிஷின் பின்கட்டில், வேலை முன்வாசலில் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறவை. கூடம், முற்றம், கூடம், முற்றம் என்று நீண்டுகொண்டே போகும். ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக இணைத்து, பின்கட்டிலிருந்து எல்லா நிலைப்படியையும் தாண்டி வாசல்வரை தரையில் இழுத்து விட்டார் ஆச்சி. வேறு எந்த ஊர்க்காரரும் ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு நீளக் குழாய் போட்டிருக்க மாட்டார்.

பட்டறைக்காரர் ஒரு பீரோவை அனுப்பி வைத்தார். ஆச்சி சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். பின்கட்டில் மிஷின் உறுமியது. துப்பாக்கியை அழுத்தினார். முதலில் புகை மாதிரி அழகாகத்தான் வந்தது. நான் கைதட்டக்கூடச் செய்தேன். பிறகு இருமியது. காற்றுக்குப் பலம் இல்லை. பச்சைப் பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. அப்புறம் தண்ணீரும் சேர்ந்து தெறிக்க, பீரோவின் கதவு முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளங்கள் கிளம்பிவிட்டன.

கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“அந்தக் கடைக்காரப் பய ஏமாத்திட்டான்” என்று நான் குதித்தேன்.

“அவனைச் சொல்லாதீக. தண்ணி கக்கும்னு அவன்தானே சொன்னான்? காலையில திருகைத் திறந்து வடிச்சுட்டேனே. இந்தத் தண்ணி எங்குட்டுருந்து வந்துச்சு?”

ஆச்சி பின்கட்டுக்கு நடந்தார். மிஷினைச் சுற்றி வந்தார். திரும்ப முன்பக்கம் நடக்கும்போது தரையில் கிடந்த குழாயின் மேலேயே கால் வைத்து, வெறுங்காலோடு மிதித்துக்கொண்டு வந்தார். நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். மறுபடி பின்னால் போனார். மறுபடி வந்தார்.

“டீச்சர், செருப்பைக் கழட்டுங்க. இதை மிதிங்க.”

மிதித்தேன். பின்கட்டில் குழாய் சுட்டது. முதல் முற்றம் தாண்டியதும் வெதுவெதுப்பு. நடுக்கூடத்தில், என் பாதத்தை முதல்நாள் மயக்கிய அதே தரையில், குழாய் சில்லென்று கிடந்தது. காற்று சூடாகக் கிளம்பி, இந்தக் குளுமையில் ஆறி ஆறி, குழாய்க்குள்ளேயே தண்ணீராகிவிட்டிருக்கிறது.

“மிஷினு குறை இல்லை” என்று ஆச்சி மெதுவாகச் சொன்னார். “வீட்டோட குறை.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. ஊரில் உள்ள அத்தனைக்கும் குறை கேட்டவர், தான் குடியிருக்கும் வீட்டிடம் மட்டும் கேட்கவே இல்லை. ஆனால் அந்த வெளுப்பு கொஞ்ச நேரம்தான். குறை தெரிந்துவிட்டால் ஆச்சியைப் பிடிக்க முடியாது. “கண்டுபிடிச்சாச்சுல்ல! இனிமே என்ன!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

குளுமையைத் தடுக்க முடியாது. சரி, அந்தக் குளுமையை வேலை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். முற்றத்து மழைத்தண்ணீர் போவதற்கு வீட்டுக்கு அடியில் ஒரு கல் வாய்க்கால் உண்டு. பின்முற்றத்தில் தொடங்கி, சரிந்துகொண்டே போய் முன்வாசலில் கொட்டகைக்குப் பக்கத்தில் முடியும். கோடையில் அது காய்ந்து கிடக்கும். கிணற்று மோட்டாருக்குக் குழாய் போடுகிறவரைக் கூப்பிட்டு, அகலமான இரும்புக் குழாயை அந்த வாய்க்காலுக்குள் முழு நீளத்துக்கும் இறக்கச் சொன்னார். குழாய் அகலமானதால் காற்று பலம் குறையாமல் வரும். சுவரிலும் ஆணி இல்லை, தரையிலும் தடுக்கல் இல்லை. வழியில் ஆறி வடிகிற தண்ணீர் சரிவோடு ஓடி முன்பக்கம் வந்து சேரும். அங்கே கீழ்நோக்கி ஒரு குழாய்த் துண்டும் அதில் ஒரு திருகும் வைத்து, தண்ணீரை வெளியே விட்டாயிற்று. உலர்ந்த காற்று மட்டும் மேலிருந்து துப்பாக்கிக்குப் போகும்.

கொப்புளம் வந்த பெயிண்ட்டை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்து எடுத்தோம். என் நகக்கண்ணெல்லாம் பச்சை. மாணவிகள் கேட்டபோது, ஒரு பீரோவுக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி லீவு விட்டேன்.

மறுபடி மிஷின் உறுமியது. ஆச்சி திருகைத் திறந்தார். வாய்க்கால் முனையில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. மூடிவிட்டுத் துப்பாக்கியை அழுத்தினார். வந்தது பாருங்கள்! மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கை ஒரு சீராகப் போக, பச்சை நிறம் பனி இறங்குவது மாதிரி இறங்கிப் படிந்தது. அடித்து முடித்தபோது பீரோவின் கதவில் என் முகம் தெரிந்தது.

காய்ந்த பிறகு கொழுந்தனாரும் பட்டறைக்காரரும் பார்க்க வந்தார்கள். கொழுந்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் குனிவதற்கு முன்பே ஆச்சி தொடங்கிவிட்டார். “இடது பக்கத்துக் காலுக்கு உள்பக்கம் ஒரு சொட்டு வழிஞ்சிருக்கு. கவனப் பிசகு. பாத்துக்கங்க.” கொழுந்தனார் அதைப் பார்த்தார். வேறு எங்காவது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து தேடினார். பட்டறைக்காரர் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

“வேலை சுத்தம்” என்றார் கொழுந்தனார். பிறகு நிமிர்ந்து, “அப்ப முதத் தடவை ஏன் அப்பிடிக் கெட்டுச்சு? மிஷினு கோளாறா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆச்சியின் முழங்கையை நான் இடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

“மிஷினு மேல குறை இல்லை தம்பி. நம்ம வீட்டு மேலதான் குறை. ரொம்பக் குளுமை. காத்து ஆறித் தண்ணியாயிருது.”

கொழுந்தனாரின் முகம் சுருங்கியது. அந்த வீட்டைக் குறை சொல்லி அவர் காதால் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். போச்சு, மிஷினை லாரியில் ஏற்ற வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அவர் உள்ளே நடந்தார். பின்கட்டுக்குப் போய்க் குழாயின் தொடக்கத்தில் கையை வைத்தவர், சுட்டு உதறினார். அப்படியே வீட்டின் நீளத்துக்கும் நடந்து முன்வாசலுக்கு வந்து, குழாயின் முடிவில் கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார். பிறகு திருகைத் தானே திறந்தார். தண்ணீர் சீறி அவர் வெள்ளை வேட்டியை நனைத்தது.

“எங்க ஐயா கட்டுன வீடு, காத்துக்கே வேர்க்க வச்சிருச்சே!” என்றார். கொஞ்சம் யோசித்து, “மிஷினு இருக்கட்டும்” என்றார்.

ஆச்சி தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தின்னர் நெடி என்று பிற்பாடு என்னிடம் சாதித்தார்.

பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு, “அப்ப அடுத்த பீரோவை அனுப்பட்டுமா ஆச்சி?” என்று கேட்டார்.

“அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு குறையைக் கேட்டுக்கங்க” என்று ஆச்சி தொடங்கி முடிப்பதற்குள், கொழுந்தனார் முந்திக்கொண்டு பட்டறைக்காரரின் தோளில் கையைப் போட்டார்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, நான் காட்டுறேன். எங்க வீட்டுல ஒரு பெரிய குறை இருக்கு!”

அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு ஆச்சி என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், வந்த அன்னைக்குக் கேட்டீகள்ல, இந்த வீட்டுக்கு என்ன குறைன்னு? இப்பக் கேட்டுக்கங்க.”